அருங்காட்சியகமும் பொருட்பெயரும்: பொதுப்பண்பாட்டுக் காப்பில் மொழியின் இடம்

1. முன்னுரை

அருங்காட்சியகம் பொருள்களைக் காக்கும் இடம் என்பது பொதுவாக நிலவும் கருத்து. கல், செம்பு, மரம், துணி, ஓலை ஆகியவற்றைச் சிதைவிலிருந்து காக்கும் முறைகள் இன்று நன்கு வளர்ந்துள்ளன. ஆயினும் ஒரு பொருள் பண்பாட்டுப் பொருளாவது, அதற்கு ஒரு பெயரும் அப்பெயரை வழங்கிய மக்களும் அவ்வழக்கிற்குரிய சூழலும் இருப்பதனாலேயே ஆகும். பெயரை இழந்த பொருளுக்கு அளவும் எடையும் மட்டுமே எஞ்சுகின்றன.

இந்தியா போன்ற பன்மொழி நாட்டில் ஒரே பொருளுக்குப் பல மொழிகளில் பல பெயர்கள் உள்ளன. அப்பெயர்களுக்கிடையேயுள்ள உறவு, அவற்றை வழங்கிய மக்களுக்கிடையே நிலவிய உறவுக்குச் சான்றாகிறது. பொதுப்பண்பாடு என்று இக்கட்டுரை குறிப்பது எல்லாரிடத்தும் ஒன்றுபோல் காணப்படும் வழக்கத்தை அன்று. பல மொழியினரின் கை பட்டு, பல மொழிகளில் பெயர் பெற்று வழங்கிய பொருள்களையும் மரபுகளையுமே குறிக்கிறது. இத்தகைய பண்பாட்டைக் காக்கும் பணியில் பொருளுக்கு அருகில் வைக்கப்படும் விளக்கச் சீட்டும், பொருள் வந்து சேர்ந்தபோது எழுதப்பட்ட பதிவேடும் பேழைக்கு நிகரான இடம் பெறுகின்றன. சீட்டு பெரும்பாலும் மொழிபெயர்ப்பாக அமைவதால் அப்பணி மொழிபெயர்ப்பாளரின் பணியாகவும் ஆகிறது. சில அருங்காட்சியகப் பொருள்களைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அருங்காட்சியகத்திற்கு வழங்கும் பெயர்கள்

கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் சார்பில் 1814-ஆம் ஆண்டு இந்திய அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலாளர் நதானியல் வாலிக் அதன் தோற்றத்திற்குக் காரணமாக இருந்தார். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. இந்நிறுவனங்கள் மேலைநாட்டு முறையில் அமைந்தவை. எனினும் அவற்றைக் காண வந்த மக்கள் தம் மொழியில் அவற்றுக்குப் பெயரிட்டுக் கொண்டனர்.

வங்காளியர் அதனை 'ஜாதுகர்' என்றனர். பாரசீகச் சொல்லாகிய ஜாதுவும் இந்தோ-ஆரியச் சொல்லாகிய கர் என்பதும் இணைந்து 'மாய வீடு' எனப் பொருள்படும் சொல் இது. இந்தி, உருது வழக்கில் 'அஜாயிப்கர்' என்னும் சொல் வழங்கியது. இதன் முற்பகுதி வியப்புகள் எனப் பொருள்படும் அரபுச்சொல். மலையாளத்தில் வழங்கும் 'காழ்ச்சபங்ளாவு' என்பதில் திராவிடச் சொல் ஒன்றும், வங்காள வீட்டுமுறையைக் குறித்து எழுந்து ஆங்கிலம் வழியாகப் பரவிய பங்களா என்னும் சொல்லும் இணைந்துள்ளன. ஈழத்தமிழில் 'நூதனசாலை' என்பது பெருவழக்கு.

சென்னைப் பேச்சு வழக்கில் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சிச்சாலை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கின. சென்னை அருங்காட்சியகம் 1854-இல் எழும்பூருக்கு மாற்றப்படும் முன்னர்ப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கியமை இவ்வழக்கோடு சேர்த்து நோக்கத்தக்கது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-இல் எடுத்துக்காட்டிய எல்லிஸ் பணியாற்றிய கல்லூரியும் அதுவே.

ஜாதுகர் முதலிய பெயர்கள் வியப்பைக் குறிக்க, செத்த காலேஜ் என்னும் பெயர் உயிரின்மையைக் குறிக்கிறது. சங்கிரகாலயம், அருங்காட்சியகம் முதலிய ஆக்கச்சொற்கள் பின்னர் எழுத்து வழக்கில் நிலைபெற்றன. பாரசீகம், அரபு, ஆங்கிலம், இந்தோ-ஆரியம், திராவிடம் ஆகிய ஐந்தின் கூறுகளும் இந்நிறுவனத்தின் பெயர்களிலேயே கலந்து கிடக்கின்றன. உள்ளே இருக்கும் பொருள்களின் பெயர்களும் இவ்வாறே கலந்தவை என்பதைப் பின்வரும் சான்றுகள் காட்டும்.

3. இருமொழிக் காசுகள்

வடமேற்கு இந்தியாவை ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னர்கள் கி.மு. 2, 1-ஆம் நூற்றாண்டுகளில் இருமொழிக் காசுகளை வெளியிட்டனர். அவற்றின் ஒரு பக்கத்தில் கிரேக்க வாசகமும், மறுபக்கத்தில் பெரும்பாலும் கரோஷ்டி எழுத்தில் பிராகிருத வாசகமும் காணப்படுகின்றன. 1830-களில் கரோஷ்டி எழுத்தைப் படித்தறிய இக்காசுகளே திறவுகோலாயின. கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் இவ்வாய்வில் முதன்மையானவர்.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் இக்காசுகளுக்குத் தனியிடம் உண்டு. கிரேக்கத்தில் அரசனைக் குறிக்கும் 'பஸிலெஓஸ்' என்பது மறுபக்கத்தில் 'மஹரஜஸ' எனப் பெயர்க்கப்பட்டது. காப்பவன் என்னும் பொருளுடைய 'ஸோத்தெரோஸ்' என்பது 'த்ரதரஸ' ஆயிற்று. நீதியுடையவன் என்னும் பொருளுடைய 'திகையூ' என்பது 'த்ரமிகஸ', அதாவது அறவோனுடைய, என்றாயிற்று. கிரேக்க நீதிக்கருத்தை இந்திய அறக்கருத்தால் பெயர்த்த அக்காசெழுத்தாளர், சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் தேடாமல் படிப்போரின் மரபிலுள்ள உயர்ந்த சொல்லைத் தேர்ந்துள்ளார்.

தக்காணத்தில் சாதவாகன மன்னர்கள் வெளியிட்ட, தலையுருவம் பொறித்த வெள்ளிக்காசுகளும் இவ்வகையினவே. முன்பக்க வாசகம் பிராகிருதம். பின்பக்க வாசகம் திராவிட மொழியைச் சார்ந்தது. அது தமிழா, தெலுங்கின் தொன்மை வடிவா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முன்பக்கத்து 'ரஞோ' என்பதற்குப் பின்பக்கத்தில் 'அரஹணகு' என்பதும், 'புதஸ' என்பதற்கு 'மகணகு' என்பதும், 'ஸிரி' என்பதற்குத் 'திரு' என்பதும் இணையாக நிற்கின்றன. பிராகிருதத்தின் ஆறாம் வேற்றுமை திராவிடத்தில் குகர உருபால் பெயர்க்கப்பட்டமை இலக்கண நோக்கில் குறிப்பிடத்தக்கது. உடைமைப் பொருளை உணர்த்த ஒரு மொழி ஆறாம் வேற்றுமையை நாட, மற்றொரு மொழி நான்காம் வேற்றுமை உருபைக் கையாண்டுள்ளது.

இங்கு அருங்காட்சியகத்தின் பொறுப்பு வெளிப்படுகிறது. காட்சிப் பேழையில் கிடத்தப்பட்ட காசு ஒரு பக்கத்தையே காட்டும். மன்னன் தலையுருவம் அழகுடையது என்பதால் அப்பக்கம் மேலே இருக்குமாறு வைப்பது இயல்பு. அவ்வாறு வைக்கும்போது இருமொழிக் காசு காண்போர்க்கு ஒருமொழிக் காசாகிவிடுகிறது. இரு மொழியினர் ஒரே காசைப் படித்துப் புழங்கினர் என்னும் செய்தி பேழையின் அடித்துணியில் மறைந்து விடுகிறது. மறுபக்கத்தின் ஒளிப்படத்தையோ, அதே வகைக் காசு மற்றொன்றையோ உடன் வைத்து, இரு வாசகங்களையும் எழுத்துப்பெயர்ப்போடு தந்தால் இக்குறை நீங்கும்.

4. பார்ஹூத் வேலியின் பெயர்ச்சீட்டுகள்

காசு தன் இரு மொழிகளையும் தன்மேல் தாங்குவதுபோலச் சில பொருள்கள் தமக்குரிய விளக்கச் சீட்டையும் தாமே தாங்கியுள்ளன. மத்தியப்பிரதேசத்தின் சத்னா மாவட்டத்திலுள்ள பார்ஹூத் தூபியின் கல்வேலி அவற்றுள் தலையாயது. 1873-இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் இதனைக் கண்டறிந்தார். தூபியின் கற்களுள் பல அதற்கு முன்பே அயலூர்க் கட்டடங்களுக்குச் சென்றுவிட்டன. எஞ்சிய பகுதிகளுள் பெரும்பாலானவை கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டதனால் இன்று காணக் கிடைக்கின்றன.

இவ்வேலியில் பிராமி எழுத்தில் அமைந்த பிராகிருத வாசகங்கள் இருநூறுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுட் சில கொடையளித்தோர் பெயரைக் கூறுகின்றன. வேறு சில சிற்பத்தின் அருகிலேயே பொறிக்கப்பட்டு, காட்டப்படும் சாதகக் கதையின் பெயரையோ இயக்கன், நாகன் ஆகியோர் பெயரையோ அறிவிக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட காட்சி விளக்கங்கள் என இவற்றைக் கொள்ளலாம்.

இப்பெயர்கள் பின்னாளில் பாலி நூல்களில் வழங்கும் பெயர்களோடு எப்போதும் ஒத்திருப்பதில்லை. பாலித் தொகுப்பில் 'ருரு' எனப் பெயர்பெறும் சாதகக் கதை பார்ஹூத்தில் 'மிக' சாதகம், அதாவது மான் கதை, என்றே குறிக்கப்பட்டுள்ளது. விளக்கச் சீட்டு எழுதுவோர் நூற்பெயரை மட்டும் எழுதினால், கல் தானே கூறும் பெயர் காண்போரின் கவனத்திலிருந்து நீங்கிவிடும். கல் கூறும் பெயர் ஒரு வட்டாரத்தின் கதைமரபுக்குச் சான்று. நூல் கூறும் பெயர் வேறொரு மரபுக்குச் சான்று. இரண்டையும் தருவதே முறை.

வாயிற்பகுதியில் கற்றச்சர் இட்ட அடையாளக் குறிகளுட் சில கரோஷ்டி எழுத்துகளாக உள்ளமையும் இங்கு எண்ணத்தக்கது. நடு இந்தியத் தூபி ஒன்றில் வடமேற்கு எழுத்தறிந்த தச்சரின் கை இருந்ததை அச்சிறு குறிகள் உணர்த்துகின்றன. பொதுப்பண்பாடு பற்றிய மிக நேரிய சான்று சில வேளைகளில் இத்தகைய சிறு குறியாகவே அமைகிறது. அதனைச் சீட்டில் குறிப்பிடாவிடில் காண்போர் எவரும் அதனை அறியார்.

5. நடுகல்லும் வீரகல்லும்

வீரர் நினைவாகக் கல் நடும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பொதுவானது. தமிழில் நடுகல், கன்னடத்தில் வீரகல்லு, மராத்தியில் வீர்கள், குசராத்தியில் பாளியோ என இது வழங்குகிறது. ஆங்கிலச் சீட்டுகளில் இவையனைத்தும் 'வீரக்கல்' எனப் பொருள்படும் ஒரே தொடரால் குறிக்கப்படுகின்றன. பின்னர் அவ்வாங்கிலத் தொடரிலிருந்து தமிழாக்கம் செய்யும்போது 'வீரக்கல்' என்று எழுதிவிடுவது எளிது. நடுதல் என்னும் சடங்கைப் பெயரிலேயே கொண்ட பழந்தமிழ்ச் சொல் அங்கே மறைகிறது. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு பெயர்ப்பதனால் நேரும் இழப்புக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பெங்களூரு அரசு அருங்காட்சியகத்திலுள்ள ஆதகூர்க் கல்வெட்டு கன்னடத்தில் அமைந்தது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50, என்னும் காலக்குறிப்புடையது. காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியொடு பொருது இறந்ததை அது நினைவுகூர்கிறது. அக்கல்லே தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டதையும் கூறுகிறது. தமிழகத்து ஊரொன்றில் நிகழ்ந்த போருக்குக் கன்னட வீரகல் சான்றாகிறது. தமிழகத்திலும் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல், தலைவன் வீழ்ந்தபின் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர்சொல்லிப் போற்றுகிறது.

நாய்க்கும் பெயர் பொறித்துக் கல்லெடுக்கும் மரபு இரு மொழிகளிலும் உண்டு என்பதை இவ்விரு கற்களையும் ஒருங்கே அறிந்தவரே உணர இயலும். பெங்களூருவில் உள்ள கல்லுக்குக் கன்னடச் சீட்டு மட்டும் இருந்தால் தமிழர் அதனை அயலார் பொருளாகக் கருதிக் கடந்து செல்வர். ஒன்று மற்றொன்றைச் சுட்டுமாறு எழுதப்படும் ஒரு வரியே இத்தடையை நீக்கப் போதுமானது.

6. ஒரு வீட்டுக்கருவியின் பெயர்வரலாறு

கல்லும் காசும் எழுத்துடைய பொருள்கள். அவை தம் மொழியைத் தாமே காட்டும். எழுத்தற்ற வீட்டுப் பொருள்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றின் பெயரைப் பிறரே கூறுதல் வேண்டும்.

புணேயிலுள்ள இராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் தினகர் கங்காதர் கேள்கர் (1896-1990) என்னும் தனியொருவர் திரட்டிய வீட்டுப் பொருள்களால் ஆனது. விளக்குகள், இசைக்கருவிகள் ஆகியவற்றோடு வேலைப்பாடு மிக்க பாக்குவெட்டிகளும் அங்கு உள்ளன. பாக்குவெட்டியை மராத்தியர் 'அட்கித்தா' என்பர். இச்சொல் கன்னட 'அடகத்தரி' என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அடகத்தரி என்பது அடகெ, கத்தரி என்னும் இரு சொற்களின் சேர்க்கை. அடகெ என்பது பாக்கு. மலையாள 'அடய்க்க', தமிழ் 'அடைக்காய்' ஆகியன அதன் இனச்சொற்கள். கத்தரி என்பது வடமொழிக் கர்த்தரியோடு தொடர்புடையதாகப் பலரால் கருதப்படுவது. தெலுங்கில் இக்கருவி 'அடகத்தெர' எனப்படும். இரு பக்க நெருக்கடியில் அகப்பட்டவனை அடகத்தெரயில் சிக்கிய பாக்குத்துண்டு என்று கூறும் வழக்கும் அம்மொழியில் உண்டு. மலையாளச் சொல் போர்த்துகீசியர் வாயிலாக மேலைநாடு சென்று 'அரெக்கா' என ஆங்கிலத்திலும் தாவரவியலிலும் நிலைபெற்றது.

இந்தியில் இக்கருவிக்குச் 'சரௌதா' என்றும் குசராத்தியில் 'சூடி' என்றும் வேறு பெயர்கள் உள்ளன. இப்பெயர்களை நிலப்படத்தில் குறித்தால், தக்காணத்தின் தென்பாதியில் ஒரு சொல் கருவியோடு சேர்ந்து மொழிக்குடும்ப எல்லையைக் கடந்து சென்ற வழி புலனாகும். 'கொட்டை உடைக்கும் கருவி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சீட்டில் எழுதி, அதனை மட்டும் பிற மொழிகளில் பெயர்த்தால் இவ்வரலாறு முழுவதும் மறைந்துபோகும். பாக்குவெட்டி கொட்டையை உடைப்பதுமில்லை, சீவுகிறது. பெயர்ப்பு இங்கே வரலாற்றோடு செயலையும் பிழைபடக் காட்டுகிறது.

7. காலி மும்மொழிக் கல்வெட்டு

பெயர்ப்பு வேறு, ஒத்த பொருளைப் பல மொழிகளில் கூறுதல் வேறு என்பதை விளக்கும் அரிய சான்று ஒன்று இந்தியாவிற்கு வெளியே, தமிழோடு நேரடித் தொடர்புடையதாக உள்ளது. கொழும்புத் தேசிய நூதனசாலையிலுள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே அவர்களின் பயணத்தோடு தொடர்புடைய இக்கல்லின் சீனப்பகுதி 1409-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1911-இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாக இருந்தபோது இது கண்டெடுக்கப்பட்டது.

கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழி வாசகங்கள் உள்ளன. சீன வாசகம் புத்தரைப் போற்றுகிறது. தமிழ் வாசகம் தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. மிகத் தேய்ந்துள்ள பாரசீக வாசகம் இசுலாமிய இறைவனைப் போற்றுகிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி முதலாகக் கொடைப்பொருள்களின் பட்டியல் பெரிதும் ஒத்துள்ளது. கொடை ஒன்றுபோல் இருக்க, பெறும் தெய்வம் மொழிதோறும் மாறுகிறது. இதனை மொழிபெயர்ப்பு என்பதைவிடக் கேட்போர்க்கேற்ற இணைவாசகம் என்பதே பொருந்தும்.

இக்கல்லுக்கு எழுதப்படும் சீட்டு சீன வாசகத்தின் பொருளை மட்டும் கூறினால் அது பௌத்தக் கொடைக்கல்லாகவும், தமிழ் வாசகத்தை மட்டும் கூறினால் வைணவக் கொடைக்கல்லாகவும் தோன்றும். மூன்றையும் அடுத்தடுத்துக் கூறும்போதே, இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் பல சமயத்தாரும் பல மொழியினரும் ஒரு துறைமுகத்தைப் பகிர்ந்து வாழ்ந்தமை புலப்படும்.

8. குரலும் இழப்பும்

இதுவரை கூறியவை எழுத்தாலும் சொல்லாலும் அறியப்படுவன. பேச்சொலியையும் காப்புப்பொருளாகக் கொள்ளும் எண்ணம் இந்தியாவில் புதிதன்று. கிரியர்சனின் மொழியாய்வோடு தொடர்புடையதாக இந்திய மொழிகள் பல 1913-க்கும் 1929-க்கும் இடையில் இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. ஊதாரி மைந்தன் கதை பல மொழிகளில் பெயர்த்துப் பேசப்பட்டதால், அத்தட்டுகள் மொழிபெயர்ப்பு ஒப்பாய்வுக்கும் உதவுவன. சென்னை மாகாண மொழிகளின் பதிவுகளுக்குரிய வாசகங்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் நூலாக வெளியிட்டது. அண்மைக் காலத்தில் குசராத்தின் தேஜ்கட் ஆதிவாசி அகாதெமியில் 'வாச்சா' என்னும் குரல் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

இப்பணி காலந்தாழ்ந்தால் விளைவு யாதென்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்று. அந்தமானில் போ மொழியின் இறுதிப் பேச்சாளர் 2010 ஜனவரியில் மறைந்தார். அம்மொழியில் ஒரு பொருளின் பெயர் முன்னரே பதிவாகாதிருந்தால், இனி அதனைக் கேட்டறிய எவருமில்லை. பதிவு செய்தால் மட்டும் போதாது என்பதைப் பிரேசில் நாட்டு நிகழ்ச்சி உணர்த்துகிறது. 2018 செப்டம்பர் 2-ஆம் நாள் ரியோ டி ஜெனீரோ நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் எழுந்த தீயில் மொழியியல் ஆவணப்பகுதி அழிந்தது. பேசுவோர் எஞ்சாத பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதனுள் அடங்கும். படியெடுத்து வேறிடத்தில் வைக்கப்படாத பதிவு, பதிவு செய்யப்படாத மொழியைப் போலவே அழிவுக்கு உட்பட்டது.

உலக அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்ற வரையறை, பருப்பொருள் மரபோடு பருப்பொருளல்லா மரபையும் அருங்காட்சியகத்தின் பொறுப்பாகக் கூறுகிறது. யுனெஸ்கோ நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கை, மொழியைப் பருப்பொருளல்லா மரபின் ஊர்தியாக ஏற்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், பொருட்பெயரைக் காத்தல் அருங்காட்சியகத்தின் கடமைகளுள் ஒன்றென்பது தெளிவாகும்.

9. செய்யத்தக்கன

மேற்கூறிய சான்றுகளிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

அ) விளக்கச் சீட்டின் முதல் வரி, பொருளை வழங்கிய மக்களின் சொல்லாக அமைதல் வேண்டும். படிப்போர் மொழியிலுள்ள பெயர் அதனை அடுத்து வரலாம்.

ஆ) சீட்டு ஆங்கில வாசகத்திலிருந்து பெயர்க்கப்படாமல், பொருளையும் பதிவேட்டையும் நேரே பார்த்து ஒவ்வொரு மொழியிலும் எழுதப்படுதல் நன்று. நடுகல், வீரகல்லு போன்ற மரபுச்சொற்கள் உள்ள இடத்தில் புதிய ஆக்கம் தேவையில்லை.

இ) இனச்சொற்களும் கடன்சொற்களும் ஓரிரு வரிகளில் சுட்டப்படுதல் வேண்டும். ஐயமுள்ள சொற்பிறப்பை ஐயமுள்ளதென்றே குறித்தல் கடன்.

ஈ) பொருளைத் தந்தவர் கூறிய பெயரும், உறுப்புகளின் பெயர்களும், அவற்றோடு தொடர்புடைய வினைச்சொற்களும் பதிவேட்டில் எழுதப்படுவதோடு ஒலியாகவும் பதிவு செய்யப்பட்டு, படிகள் வேறிடங்களில் வைக்கப்படுதல் வேண்டும்.

உ) கணினிப் பதிவுகளில் ஒரு பொருளுக்கு ஒரே தேடுசொல் என்னும் முறையை விடுத்து, பல மொழிப் பெயர்களுக்கும் இடமளித்தல் வேண்டும். பார்ஹூத், பர்குத், பாரூட் எனத் தமிழில் ஓர் ஊர்ப்பெயரே பலவாறு எழுதப்படுவதால் மாற்றெழுத்து வடிவங்களையும் இணைத்தல் இன்றியமையாதது.

இந்நெறிப்படி புணேப் பாக்குவெட்டிக்குத் தமிழில் எழுதப்படும் சீட்டு இவ்வாறு அமையலாம்: "அட்கித்தா (மராத்தி). தமிழில் பாக்குவெட்டி. கன்னடத்தில் அடகத்தரி, மராத்திப் பெயர் இதனின்று வந்ததாகக் கருதப்படுகிறது. அடகெ என்பது தமிழ் அடைக்காய் என்பதன் இனச்சொல். பாக்கைச் சீவ உதவுவது." நான்கைந்து வரிகளுக்குள் அடங்கும் இச்சீட்டு, புணேக்கு வரும் தமிழர்க்கு அக்கருவி தம் வீட்டு மொழியோடும் உறவுடையது என்பதை உணர்த்திவிடும்.

10. முடிவுரை

காசின் மறுபக்கம், கல்வேலியின் சிறு குறி, நடுகல்லின் பெயர், பாக்குவெட்டியின் சொல்வழி, மும்மொழிக் கல்லின் இணைவாசகம் ஆகியவை பொதுப்பண்பாட்டின் சான்றுகள் பொருளில் மட்டுமின்றி மொழியிலும் தங்கியுள்ளமையைக் காட்டுகின்றன. ஒருமொழிச் சீட்டு பலர்க்குரிய பொருளை ஒருவர்க்குரியதாகச் சுருக்கிவிடும். பொருள்களைத் திரட்டும் பணியை ஆய்வாளர் பலர் இரு நூற்றாண்டுகளாகச் செய்து வந்துள்ளனர். அவற்றின் பெயர்களைத் திரட்டி ஒன்றோடொன்று இணைக்கும் பணி மொழியியலாரையும் மொழிபெயர்ப்பாளரையும் நோக்கி நிற்கிறது. அப்பெயர்களைக் கூறவல்ல முதியோர் இன்றும் பல ஊர்களில் உள்ளனர். பணி அவர்களிடமிருந்து தொடங்குதல் வேண்டும்.